பூட்டிய வீட்டுக்கு என்ன எழுதுவது?

என் அப்பா கோவில்பட்டியில் மின்வாரியக் கணக்கீட்டாளராக இருந்தவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து, தன் பேரேட்டிலும் வீட்டுக்காரரின் வெள்ளை அட்டையிலும் எண்ணை எழுதி வருவது வேலை. நாய் இருக்கும் வீடு, மாடிப்படிக்கு அடியில் இருட்டில் மீட்டர் இருக்கும் வீடு, மீட்டர் பெட்டிக்குள் குளவி கூடு கட்டிய வீடு என்று ஒவ்வொரு தெருவையும் அவர் வேறு விதமாகத்தான் நினைவில் வைத்திருப்பார். வீடு பூட்டியிருந்தால் ‘டோர் லாக்’ என்று குறித்துவிட்டு, முந்தைய அளவை வைத்து ஒரு தொகையைப் போட்டுவிடலாம். விதி அதை அனுமதித்தது. அப்பாவுக்கு அது பிடிக்காது. மறுநாள் ஆபீசுக்குப் போகும் வழியில் சைக்கிளை அந்த வீட்டுப் பக்கம் திருப்புவார். “எண்ணைப் பார்த்து எழுத வேண்டும், ஆளைப் பார்த்து எழுதக் கூடாது” என்பது அவர் அடிக்கடி சொல்வது.

நான் இப்போது இங்கிலாந்தின் கிழக்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு மாவட்டக் கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி அமைப்பில், வேலை பார்க்கிறேன். எந்தக் கவுன்சில் என்று சொல்லப்போவதில்லை. படித்து முடித்தால் ஏன் என்று புரியும். முதலில் கணக்குப் பிரிவில் மின்சார, எரிவாயு பில்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். 2020-இல் அந்த வேலையோடு கார்பனும் சேர்ந்துகொண்டது. பதவியின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘ஆற்றல் மற்றும் கார்பன் மேலாண்மை அலுவலர்’ என்று வரும். பெயர் நீளமே தவிர, துறை முழுவதும் நான் ஒருத்திதான். வாரத்தில் இரண்டு நாள் ஓர் இளைஞர் உதவிக்கு வருகிறார்.

இதை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, “கார்பனுக்கு மீட்டரை எங்கே வைத்திருப்பார்கள்?” என்று கேட்டார். கேலி இல்லை. ஒரு கணக்கீட்டாளர் இன்னொரு கணக்கீட்டாளரிடம் கேட்கும் கேள்வி.

அப்படி ஒரு மீட்டர் இல்லை, அப்பா. புகைபோக்கியில் கருவி மாட்டி யாரும் அளப்பதில்லை. எரித்ததை அளக்கிறோம், பிறகு பெருக்குகிறோம். எரிவாயு எத்தனை யூனிட், டீசல் எத்தனை லிட்டர், மின்சாரம் எத்தனை யூனிட் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். யூனிட் என்றால் இரண்டுக்கும் கிலோவாட்-மணிதான். பிரிட்டிஷ் அரசு ஆண்டுதோறும் கோடைக்காலத்தில் ஒரு பெரிய அட்டவணை வெளியிடும். அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கும் எண் இருக்கும். ஒரு யூனிட் எரிவாயுவுக்குச் சுமார் 0.18 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ. சுருக்கமாக அதைத்தான் ‘கார்பன்’ என்கிறோம். பெருக்கிக் கூட்டினால் டன் கணக்கில் ஒரு விடை கிடைக்கும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு என்று அப்பா சொன்னார். சரிதான். பெருக்கலில் நான் ஒரு நாளும் தடுமாறியதில்லை. பெருக்குவதற்கு முந்தைய எண் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் ஐந்து ஆண்டுகள் போயின.

எங்கள் கவுன்சிலுக்கு நூற்றைம்பதுக்கு மேல் மீட்டர்கள். தலைமை அலுவலகம், நீச்சல் குளம், கார் நிறுத்தங்கள், பூங்காக் கழிப்பறைகள், கல்லறைத் தோட்டத்து அறை, கிறிஸ்துமஸ் விளக்குகளுக்காக ஆண்டில் ஐந்து வாரம் மட்டும் உயிர்பெறும் ஒரு பச்சைப் பெட்டி. பில்லில் ஒவ்வோர் அளவுக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் ஒரு குறி இருக்கும். மீட்டரைப் பார்த்து எடுத்தது என்றால் ‘ஏ’, மதிப்பீடு என்றால் ‘ஈ’. நான் பழைய பில்களை எடுத்துப் புரட்டிய முதல் மாதத்தில் கண்டது ஈக்கள் மொய்த்த கணக்கு. இடித்துத் தரைமட்டமாக்கி மூன்று ஆண்டான ஒரு கழிப்பறை, எங்கள் கணக்கில் அப்போதும் மின்சாரம் செலவழித்துக்கொண்டிருந்தது. பில் வந்தது, பணமும் கட்டியிருந்தோம். அந்தக் கழிப்பறையின் கார்பன் உமிழ்வைக்கூட யாரோ சிரத்தையாகப் பெருக்கி ஆண்டறிக்கையில் சேர்த்திருந்தார்கள்.

ஆகவே ஒரு சாவிக்கொத்தையும் டார்ச்சையும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு மீட்டரையும் நேரில் பார்ப்பது என்று கிளம்பினேன். அலுவலகத்தில் இதை ஒரு விநோதமாகப் பார்த்தார்கள். எண்கள் கணினியில் இருக்கும்போது இவள் ஏன் பாய்லர் அறைகளில் சுற்றுகிறாள்?

2021 ஜனவரியில் ஒரு சமுதாயக் கூடத்துக்குப் போனேன். அறுபதுகளில் கட்டிய கட்டடம். சனிக்கிழமை நாடகம், வாரநாளில் முதியோர் நடனம், தேர்தலென்றால் வாக்குச்சாவடி. பெருந்தொற்றுக் காலமாதலால் மூடிக் கிடந்தது. பராமரிப்பாளர் கதவைத் திறந்துவிட்டு, “பத்து வருடத்தில் இந்த அறைக்கு வந்த முதல் அலுவலகக்காரர் நீங்கள்தான்” என்றார். மீட்டர் ஒரு மூலையில், பழைய நாற்காலிகளுக்குப் பின்னால். டார்ச்சை அடித்து எண்ணைக் குறித்துக்கொண்டேன். திரும்பப் போனவள் நின்றேன். எண்ணுக்குக் கீழே ‘கன அடி’ என்று பொறித்திருந்தது. எங்கள் பில்லில் இருந்தது கன மீட்டர்.

இந்த நாட்டில் பழைய எரிவாயு மீட்டர்கள் நூறு கன அடியை ஓர் எண்ணாகக் காட்டும். புதியவை கன மீட்டரில் காட்டும். நூறு கன அடி என்பது 2.83 கன மீட்டர். பழைய மீட்டரின் எண்ணை எடுத்துப் புதிய மீட்டராக நினைத்துக் கணக்கிட்டால், எரித்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கணக்கில் வரும். புரிவதற்காக, மீட்டர் ஓர் ஆண்டில் 6,000 எண் ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கன மீட்டர் என்றால் அது சுமார் 67,000 யூனிட், 12 டன் கார்பன். நூறு கன அடி என்றால் 1,89,000 யூனிட், 34 டன்னுக்கு மேல். அந்தக் கூடம், எங்கள் கட்டடங்களிலேயே சிக்கனமானது என்று முந்தைய ஆண்டறிக்கையில் படத்தோடு பாராட்டுப் பெற்றிருந்தது.

மேலதிகாரி நல்ல மனிதர். ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு, “இதை இந்த ஆண்டிலிருந்து மட்டும் திருத்திக்கொள்ளலாமா?” என்றார். திருத்தினால் எங்கள் உமிழ்வு ஒரே ஆண்டில் எகிறியதாகத் தெரியும். ஒப்பிட வைத்திருக்கும் அடிப்படை ஆண்டை மட்டும் திருத்தினால், அன்று நிறைய எரித்து இன்று அபாரமாகக் குறைத்துவிட்டதாகத் தெரியும். இரண்டாவது யோசனையையும் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார், பெயர் வேண்டாம். எல்லா ஆண்டுகளையும் திருத்தினோம். எரிவாயு நிறுவனத்துக்கும் எழுதினோம். அவர்கள் விட்டுப்போன தொகைக்கு ஒரு பில் அனுப்பினார்கள். நிதிப் பிரிவில் என்னோடு தேநீர் குடிக்கும் அம்மணி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்று அப்பாவிடம் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டு, தன் முப்பது வருடத்தில் மீட்டரைச் சரியாக எழுதியதற்காக யாரும் காபி வாங்கித் தந்ததில்லை என்றார்.

இதெல்லாம் ஏன் என்று கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் பிரிஸ்டல் நகரக் கவுன்சில் காலநிலை அவசரநிலையை அறிவித்தது. பிரிட்டனில் அதுதான் முதல் அறிவிப்பு. அதன்பின் ஒருவரைப் பார்த்து ஒருவர் என்று முந்நூறுக்கும் மேற்பட்ட கவுன்சில்கள் அறிவித்தன. நாங்கள் 2019-இல். கவுன்சிலின் சொந்தச் செயல்பாடுகளில் 2030-க்குள் நிகர உமிழ்வு பூஜ்யம் என்பது தீர்மானம். நாட்டின் சட்டப்படியான இலக்கு 2050. எங்களுக்கு ஏன் 2030 என்று அன்று அவையில் இருந்த ஒருவரைக் கேட்டேன். பக்கத்துக் கவுன்சில் 2030 என்று சொல்லிவிட்டது, நாங்கள் 2035 என்றால் நன்றாக இருக்காதே என்றார்.

ஸ்காட்லாந்தில் பொது அமைப்புகள் தங்கள் உமிழ்வை ஆண்டுதோறும் அறிக்கையாகத் தர வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். இங்கிலாந்தில் கவுன்சில்களுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு கவுன்சிலும் தன் கோட்டைத் தானே போட்டுக்கொள்கிறது. இதனால்தான் ‘உமிழ்வைக் குறைத்த முதல் பத்துக் கவுன்சில்கள்’ வகைப் பட்டியலைக் கண்டால் நான் பக்கத்தைத் திருப்பிவிடுகிறேன்.

இந்தக் கோடுகளுக்கு உலகெங்கும் பொதுவான ஒரு பெயர் உண்டு. கவுன்சிலே எரிக்கும் எரிவாயுவும் டீசலும் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மற்றதெல்லாம் ஸ்கோப் 3. இந்த ‘மற்றதெல்லாம்’ என்பதற்குள் என்னென்ன அடைபட்டிருக்கிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மின்சாரம். எங்கள் ஊரிலிருந்து ரயிலில் போனால் ராட்கிளிஃப் அனல்மின் நிலையத்தின் எட்டுக் குளிர்விப்புக் கோபுரங்கள் தெரியும். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம் அது. 2024 செப்டம்பர் 30 அன்று மூடினார்கள். நான் வந்த புதிதில் அவற்றிலிருந்து வெள்ளை நீராவி எழுந்துகொண்டிருக்கும்; தூத்துக்குடி அனல்மின் நிலையத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது வீட்டு நினைவு. நிலக்கரி குறையக் குறைய, அரசின் அட்டவணையில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கான எண் இறங்கிக்கொண்டே வந்தது. 2014-இல் 0.494 கிலோ. 2024-இல் 0.207.

இது எங்கள் அறிக்கைக்கு என்ன செய்தது என்று பாருங்கள். ஒரு கட்டடம் 2014-இல் 4,00,000 யூனிட் செலவழித்தது என்றால் 198 டன். அதே கட்டடம் பத்து ஆண்டுகள் கழித்து 3,80,000 யூனிட் செலவழித்தால் 79 டன். கார்பன் 60 சதவீதம் குறைந்துவிட்டது. கட்டடம் செய்த சிக்கனம் 5 சதவீதம். மீதியைச் செய்தது வட கடலில் சுழலும் காற்றாலைகளும் மூடிய நிலக்கரி நிலையங்களும். எங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் கீழ்நோக்கி இறங்கும் அந்த அழகான கோட்டில் பெரும்பகுதிக்கு நாங்கள் செய்தது, சுவிட்சைப் போட்டது மட்டும்.

ஒரு கூட்டத்தில் அந்தக் கோட்டை இரண்டு நிறமாகப் பிரித்துக் காட்டினேன். நாடு குறைத்தது சாம்பல், நாம் குறைத்தது பச்சை. பச்சை ஒரு மெல்லிய கீற்றாக இருந்தது. அவையில் சற்று நேரம் அமைதி. ஒரு கவுன்சிலர், “இந்தப் படத்தால் யாருக்கு என்ன பயன்?” என்று கேட்டார். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தனக்குத்தான் பயன் என்பதுபோல் அதைப் படம்பிடித்துக்கொண்டார். இருவருக்கும் 2023 பதில் சொன்னது. அந்த ஆண்டு அட்டவணையில் மின்சாரத்தின் எண் 0.193-இலிருந்து 0.207 ஆக ஏறியது. நாங்கள் மின்சாரத்தைக் குறைத்தும் கார்பன் கூடிவிட்டது. “இது நம் தவறில்லை, நாட்டின் எண் ஏறிவிட்டது என்று குறிப்புப் போடுங்கள்” என்று முதலில் கேட்டவரே கேட்டார். போட்டேன். சாம்பல் நிறத்தில்.

பசுமை மின்சாரம் என்று ஒரு குறுக்குவழி இருக்கிறது. கொஞ்சம் கூடுதல் பணம் கட்டிப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான சான்றிதழோடு மின்சாரம் வாங்கினால், ஸ்கோப் 2-ஐப் பூஜ்யம் என்றும் காட்டலாம். விதிமுறை இரண்டு விதமான கணக்கையும் ஏற்கிறது, இரண்டையும் காட்டச் சொல்கிறது. பூஜ்யத்தைப் பெரிய எழுத்திலும் மற்றதைப் பின்னிணைப்பிலும் போடும் கவுன்சில்கள் உண்டு. கம்பியில் வருவது அதே மின்சாரம்தான். எங்கள் அறிக்கையில் நான் அந்தப் பூஜ்யத்தைப் பின்னிணைப்புக்கு அனுப்பிவிட்டேன். என் அதிகாரத்தில் நான் செய்த ஒரே சர்வாதிகாரம் இது.

பச்சைக் கீற்றைத் தடிமனாக்க என்ன செய்தோம்? பெரிய மின் இணைப்புகளில் அரைமணிக்கு ஓர் அளவு பதிவாகும். நாளைக்கு 48, ஆண்டுக்கு 17,520. யாரும் திறந்துகூடப் பார்க்காத கோப்பு அது. அதைப் படமாக வரைந்தபோது, தலைமை அலுவலகம் அதிகாலை மூன்று மணிக்கும் பகல் செலவில் மூன்றில் ஒரு பங்கை இழுத்துக்கொண்டிருந்தது. யார் இருக்கிறார்கள் அந்த நேரத்தில்? ஓர் இரவு பத்து மணிக்குக் காவலரோடு ஒவ்வொரு மாடியாக நடந்தோம். விளக்குகள் அணைந்திருந்தன. மன்றக் கூடத்தின் மேலே மட்டும் காற்றோட்ட விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன. என்றோ ஒரு நாள் திட்ட அனுமதிக் கூட்டம் நள்ளிரவைத் தாண்டிப் போயிருக்கிறது. தானியங்கி நேரத்தை மீறி விசிறியை ஓட்ட ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். திரும்ப அழுத்த மறந்துவிட்டார்கள். எப்போது என்று கோப்பைப் பின்னோக்கிப் பார்த்தேன். நான்கு வருடம், ஏழு மாதம். அந்தக் கூட்டத்தில் என்ன கட்டுவதற்கு அனுமதி கேட்டார்கள் என்று தேடிப் பார்த்தேன்: ஒரு வீட்டுக்குப் பின்புறக் கண்ணாடி அறை. அனுமதி மறுக்கப்பட்டிருந்தது.

இப்படிப்பட்ட வேலைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். பணம் வேண்டாம், குழு வேண்டாம், ஒரு பொத்தான் போதும். ஆனால் இவை சீக்கிரம் தீர்ந்துபோகும்.

தீராதது நீச்சல் குளம். நீச்சல் குளம் வைத்திருக்கும் எந்த மாவட்டக் கவுன்சிலை எடுத்தாலும் எரிவாயுக் கணக்கில் அதுதான் முதலிடத்தில் இருக்கும். தண்ணீரை 28, 29 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். மேலே உள்ள காற்றை அதைவிட ஒரு டிகிரி கூடுதலாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் இன்னும் வேகமாக ஆவியாகும். ஆவியாகும் தண்ணீர்தான் வெப்பத்தைத் திருடிக்கொண்டு போகிறது. வெளியே பனி பெய்யும்போது உள்ளே மே மாதக் கோவில்பட்டியைப் பராமரிப்பது போன்ற வேலை. எரிவாயுவின் பெருக்கும் எண்ணோ பத்து ஆண்டுகளாகக் கிட்டத்தட்ட அசையவே இல்லை. இங்கே நாடு வந்து நமக்காகக் குறைத்துத் தராது.

மிக மலிவான வழி, இரவில் குளத்தின் மேல் ஒரு போர்வை விரிப்பது. எங்கள் குளத்துக்குப் போர்வை இருப்பதாகச் சொத்துப் பதிவேடு சொன்னது. தேடினேன். குழந்தைகளின் மிதவைப் பலகைகளுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தார்கள். ஏன் விரிப்பதில்லை? பொறுப்பாளர் பெண் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இதை இழுக்க இரண்டு பேர் வேண்டும். இரவில் மூடும்போது பணிப்பட்டியலில் ஒருவர்தான் இருக்கிறார். சென்ற வருடம் ஒருவர் தனியாக இழுத்து, தோள்பட்டை பிடித்துக்கொண்டு ஆறு வாரம் விடுப்பில் போனார்.” அவ்வளவுதான். ஆலோசகர்கள் எழுதிய எண்பது பக்க அறிக்கையில் ‘போர்வை பயன்படுத்துக’ என்று ஒரு வரி இருந்தது, தோள்பட்டை இல்லை. மோட்டாரில் சுருளும் உருளை வாங்க ஒப்புதல் பெற எட்டு மாதம் ஆயிற்று. இப்போது ஒருவரே பொத்தானை அழுத்தி விரிக்கிறார். முதல் குளிர்காலத்திலேயே எரிவாயுக் கோடு இறங்கியது தெரிந்தது. முழுப் பச்சை.

அடுத்தது வெப்ப பம்ப். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இறைத்து உள்ளே தரும் கருவி. நம் வீட்டு ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்டதுபோல. ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் தரும். பழைய பாய்லரோடு ஒப்பிட்டால் கார்பன் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆனால் இந்த நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை எரிவாயுவைப் போல மூன்று, நான்கு மடங்கு. மூன்றுக்கு மூன்று சரியாகப் போய்விடுகிறது. சில மாதம் பில் கூடவும் செய்யும். இலட்சக்கணக்கான பவுண்டு போட்டுக் கருவி வாங்கி, பில்லில் ஒரு பென்னி மிச்சமில்லை என்றால் எந்த நிதி அதிகாரி கையெழுத்துப் போடுவார்? தவறு அவர் மேல் இல்லை. அவர் எண்ணைப் பார்த்துத்தான் எழுதுகிறார்.

அரசு மானியம் இருந்தது. நாங்கள் விண்ணப்பித்த சுற்றில், கருவியின் ஆயுள் முழுவதும் மிச்சமாகும் ஒவ்வொரு டன் நேரடிக் கார்பனுக்கும் 325 பவுண்டு என்பது உச்சவரம்பு. முதலில் வந்தவருக்கு முதலில். 2022 அக்டோபரில் விண்ணப்பம் திறந்த அன்றே இருந்த பணத்துக்கு மேல் கேட்டுவிட்டார்கள். நாங்கள் மறுநாள் மதியம் அனுப்பினோம். ஏனென்றால் கையெழுத்துப் போட வேண்டியவர் கோல்ஃப் விளையாடப் போயிருந்தார். இன்னொரு நிபந்தனை: பழைய பாய்லர் ஆயுளின் கடைசியில் இருக்க வேண்டும். எங்கள் பாய்லரைப் பார்த்த பொறியாளர் இன்னும் நான்கு வருடம் ஓடும் என்று எழுதித் தந்தார். அதைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அவ்வளவு கெட்டிக்காரர். தன் வேலையை நன்றாகச் செய்ததற்காக மானியத்தை இழக்க வைத்த மனிதரை நான் அன்று முதன்முதலில் சந்தித்தேன். கையைக் குலுக்கிவிட்டு வந்தேன்.

அடுத்த சுற்றில் கிடைத்தது. கிடைத்ததும் மின்வழங்கல் நிறுவனம், இவ்வளவு சுமையை அந்தத் தெரு தாங்காது, புது மின்மாற்றி வேண்டும் என்றது. அதற்கொரு காத்திருப்பு. போன இலையுதிர்காலத்தில் ஒருவழியாகப் பம்புகள் ஓடத் தொடங்கின. உறைகுளிர் நாட்களுக்கென ஒரு பழைய பாய்லரை வைத்திருக்கிறோம், அந்த மெக்கானிக்கையும்.

இதற்கிடையில் எங்கள் கவுன்சிலர்களுக்குச் செய்தித்தாளில் படித்த எல்லாமும் வேண்டும். 2023-இல் டெவன் கடற்கரையில் எக்ஸ்மவுத் நீச்சல் குளத்தில் சலவை இயந்திரம் அளவிலான ஒரு கணினி மையத்தை வைத்து, அதன் சூட்டால் தண்ணீரைச் சூடாக்கினார்கள். “நமக்கும் அப்படி ஒன்று” என்று ஒரே வாரத்தில் நான்கு மின்னஞ்சல். லண்டனில் இஸ்லிங்டன் கவுன்சில், 1922-இல் மூடிய ஒரு சுரங்க ரயில் நிலையத்தின் காற்றுக் குழாயிலிருந்து வெப்பத்தை எடுத்து 2020 முதல் வீடுகளுக்குக் கொடுக்கிறது. எங்களுக்குச் சுரங்க ரயில் கிடையாது. கேட்ஸ்ஹெட் கவுன்சில் வெள்ளம் நிரம்பிய பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுக்கிறது. எங்கள் காலடியில் சுரங்கம் உண்டு. இந்த ஒன்றை மட்டும் நான் சிரிக்காமல் குறித்து வைத்திருக்கிறேன்.

இனி அந்த ‘மற்றதெல்லாம்’.

எங்கள் குப்பை லாரிகளை ஒரு தனியார் ஒப்பந்ததாரர் ஓட்டுகிறார். டீசலும் அவருடையது. ஆகவே அது ஸ்கோப் 3. லாரிகள் கவுன்சிலிடம் இருந்த நாளில் அதே டீசல் ஸ்கோப் 1. வண்டி மாறவில்லை, தெரு மாறவில்லை, புகையும் மாறவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் எங்கள் சொந்த உமிழ்வு ஒரே வீழ்ச்சியாக விழுந்தது. தெருவிளக்குகளும் எங்கள் கணக்கில் இல்லை. அவை எங்களுக்கு மேலடுக்கில் இருக்கும் கவுன்ட்டி கவுன்சிலுடையவை. எல்இடி போட்ட பெருமையும் அவர்களுக்கே.

வாங்கும் பொருட்களுக்கும் சேவைகளுக்கும் செலவழித்த பவுண்டை ஓர் எண்ணால் பெருக்கும் வழக்கம் இருக்கிறது. விலைவாசி ஏறிய ஆண்டில், அதே நாற்காலியை அதிக விலைக்கு வாங்கியதால் எங்கள் கார்பன் கூடியது. பேரம் பேசி வாங்கினால் பூமி குளிர்ந்துவிடும் போலிருக்கிறது. இந்தப் பகுதியை நான் அறிக்கையில் எழுதும்போது எழுத்தின் அளவைக் குறைத்துவிடுவேன்.

எல்லாவற்றுக்கும் மேல், கவுன்சிலுக்குச் சொந்தமான வாடகை வீடுகள். ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றிலும் நாங்கள் மாட்டித் தந்த எரிவாயு பாய்லர். எரிப்பது குடியிருப்பவர், பில் கட்டுவது அவர். ஆகவே எங்கள் ‘சொந்தச் செயல்பாட்டில்’ அது வராது. நீச்சல் குளத்துக்கு நான் இத்தனை பத்தி எழுதினேன். அந்த வீடுகள் எரிப்பதற்கு முன்னால் குளம் ஒரு தம்ளர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நம் ஊரில் சொல்வார்களே, எங்கள் 2030 தீர்மானம் பரிமாறிய சோறு அதுதான். பிரிட்டிஷ் அரசுக்கு ஆலோசனை சொல்லும் காலநிலை மாற்றக் குழு 2020 டிசம்பரில் இதைக் கணக்கிட்டுச் சொன்னது: கவுன்சில்களின் நேரடி உமிழ்வு அவற்றின் பகுதியின் உமிழ்வில் 2 முதல் 5 சதவீதம் வரைதான், ஆனால் வீடு, போக்குவரத்து, திட்ட அனுமதி என்று அவை கை வைக்கக்கூடியது மூன்றில் ஒரு பங்கு. அந்த வீடுகளைத் தனி அத்தியாயமாகவேனும் சேர்க்க வேண்டும் என்று மூன்று ஆண்டு கேட்டேன். சென்ற ஆண்டு சேர்த்தார்கள். மொத்த எண் பல மடங்கு பெருகிவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுமே எழுதவில்லை. ஐம்பதாவது பக்கம் வரை அவர்கள் படிப்பதில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் வேறு. 2024 டிசம்பரில் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. கவுன்ட்டி, மாவட்டம் என்ற இரண்டடுக்கு முறையை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே அடுக்காக்கப் போகிறார்கள். பெரும்பாலான பகுதிகளில் புதிய கவுன்சில்கள் 2028 ஏப்ரலில் பொறுப்பேற்கும் என்பது திட்டம். எங்கள் கவுன்சில் அன்று இருக்காது. 2030 இலக்கை அறிவித்த அமைப்பு 2030-ஐப் பார்க்காது. வெப்ப பம்புக்குத் தந்த அந்த மானியமும் 2028-க்குப் பிறகு இல்லை என்று அறிவித்தாகிவிட்டது. புதிய கவுன்சிலுக்குப் பல மாவட்டங்களின் குளங்களும் கூடங்களும் தெருவிளக்குகளும் சேர்ந்து வரும். அடிப்படை ஆண்டு என்று எதை வைத்துக்கொள்வார்கள் என்று யாரும் இன்னும் பேசவில்லை. எனக்கு வந்த கடிதத்தில், ஒப்படைப்புக்கான சொத்துப் பட்டியலைத் தயார் செய்யுமாறு கேட்டிருக்கிறார்கள். மீட்டர்களுக்கு அதில் ஒரே ஒரு கட்டம்: ‘எண்ணிக்கை’.

அப்பாவிடம் சொன்னேன். வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்பதில்லை. இரண்டு முறை திரும்பச் சொன்ன பிறகு, “அப்படியானால் ஆபீசே டோர் லாக்கா?” என்றார்.

சென்ற வெள்ளிக்கிழமை மறுபடி அந்தச் சமுதாயக் கூடத்துக்குப் போனேன். மீட்டரை மாற்றித் தருவதாக நிறுவனம் சொல்லி நாளாகிவிட்டது. அதே கன அடி மீட்டர்தான் அங்கே இருக்கிறது. கடையில் வாங்கிய ஒரு வெள்ளை அட்டையில் தேதியையும் அளவையும் எழுதினேன். அதற்குக் கீழே, கறுப்பு மையில், கொட்டை எழுத்தில், நூறு கன அடி, 2.83-ஆல் பெருக்கவும் என்று எழுதினேன். நூலைக் கட்டிக் குழாயில் தொங்கவிட்டேன். பராமரிப்பாளர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அட்டையில் இன்னும் இருபது வரிக்கு இடம் இருக்கிறது. மாதக் கடைசியில் அளவை எழுதுவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.